நீவி விடுவதற்குப் பேர் விழாது

போன வருஷம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில்தான் இருந்தேன். வீடு என்றால் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பர் மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு லயத்துக் காம்பரா. ஒருநாள் பகல், பால் வெட்டு முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, வாளியை இஸ்தோப்பில் இறக்கி வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. குனிந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்றார். அது காலி வாளி.

எங்கள் லயத்தில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும், கழுத்து சுளுக்கினாலும் கூப்பிடுவது என் அம்மாயியைத்தான். ஆனால் இப்போது அம்மாயியின் விரல்களே மடங்கிப் போய்விட்டன. கட்டிலில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"எண்ணெயச் சூடு காட்டி எடுத்துக்கிட்டு வா. இன்னைக்கு நீ நீவு."

"நானா?"

"பின்ன யாரு, தொரையா வந்து நீவுவாரு?"

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு முதுகைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலையும் நடு முதுகெலும்பில் வைத்து அமுக்கினேன். அம்மா "ஐயோ" என்று துள்ளிவிட்டார். அம்மாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "எலும்புல கைய வைக்காதடா! எலும்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வரப்பு ஓடுது பாரு, அந்த வரப்புல போ. கீழ இருந்து மேல. விரலால இல்ல, உள்ளங்கையால."

வரப்பு என்று அவர் சொன்னதும்தான் எனக்குப் பிடிபட்டது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், இடது பக்கத்து வரப்பு கயிறு மாதிரி முறுகிக் கிடந்தது. வலது பக்கம் அவ்வளவு இல்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும்? அம்மா கத்தி பிடிப்பது எந்தக் கை, வாளி தூக்குவது எந்தக் கை என்று பதினெட்டு வருஷமாக நான் கவனித்ததே இல்லை.

அன்று இரவு அம்மாயியிடம் கேட்டேன், "ஒங்களுக்கு யாரு பழக்கினது?"

"எங்கம்மா."

"அவுங்களுக்கு?"

"அவுங்க மாமியாரு." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை. நம் மக்களின் இருநூறு வருஷ வரலாற்றை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கப்பல், நடைப்பயணம், கோப்பி, தேயிலை, பிரஜாவுரிமை, சம்பளப் போராட்டம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த முதுகுகளை இரவில் நீவி, காலையில் திரும்ப மலைக்கு அனுப்பிய கைகளைப் பற்றித்தான் யாரும் பெரிதாக எழுதவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு 'பேர்' விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். பேர் எத்தனை விழுந்ததோ அதுதான் சம்பளம். நீவி விடுவதற்கு இதுவரை யாருக்கும் பேர் விழுந்ததில்லை.

முதுகு வளைந்த கதை

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தத் தொழிலே சரிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயங்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை என்று ஆனது.

கொழுந்துக்கூடை எப்படித் தொங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கயிறு உச்சந்தலையில், கூடை முதுகில். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். சுற்றுலாத்துறை விளம்பரத்தில் எப்போதும் அந்தப் படம்தான். ஆனால் அந்தக் கயிற்றின் வழியாகப் பாரம் முழுக்க இறங்குவது கழுத்துக்குத்தான். கூடை நிறைய நிறைய, தலை பின்னால் இழுபடும். அதைச் சமாளிக்கக் கழுத்து முன்னால் வரும், இடுப்பு மடியும். இப்போது கூடைக்குப் பதிலாகப் பல இடங்களில் சாக்கும் வலைப்பையும் வந்துவிட்டன. ஆனாலும் பாரம் முதுகில்தான்.

எங்கள் சப்ரகமுவ பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1889இல் கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்து தனி மாகாணம் ஆனது. தேயிலை இங்கேயும் உண்டு. தெரணியகலயிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தேயிலை மலைகள் இருக்கின்றன. ஆனால் கேகாலை என்றால் முதலில் றப்பர்தான். பிரேசிலிலிருந்து எடுத்துவரப்பட்ட விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, 1876இல் கன்றுகளாக இலங்கைக்கு, கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்கு றப்பர் தேவைப்பட்டபோது, 1900களின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்து மலைகள் எல்லாம் றப்பரானது.

றப்பர் மரம் நம் முதுகை எப்படி வளைத்தது என்பதை அம்மாவிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் வெள்ளனவே மலைக்குப் போய்விட வேண்டும். ஒருவருக்கு 250, 300 மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சாய்வாக, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், ஆழம் போதாவிட்டால் பால் வராது. புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தில் வெட்டு ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கும். நின்றபடி வெட்டலாம். ஆனால் வெட்டு வருஷத்துக்கு ஒரு சாண் அளவில் கீழே இறங்கிக்கொண்டே வரும். ஐந்தாறு வருஷத்தில் அடிமரத்துக்கு வந்துவிடும். மரத்தில் கோடு இறங்க இறங்க, வெட்டுகிறவரின் முதுகும் இறங்கும். அடிப்பட்டையில் வெட்டும் மலை வந்துவிட்டால், ஒரே காலையில் முந்நூறு தரம் குனிந்து நிமிர வேண்டும். பிறகு மறுபக்கப் பட்டையில் மேலிருந்து தொடங்குவார்கள்.

"இப்ப நாங்க வெட்டுற மலையில கோடு முழங்காலுக்கு வந்திருச்சி," என்றார் அம்மா. அவருடைய இடுப்பு ஏன் இந்த வருஷம் பிடித்தது, போன வருஷம் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அதுவே பதில்.

சட்டத்தில் இருந்ததும் இல்லாததும்

தோட்டத் தொழிலாளியின் உடம்பைப் பற்றி வெள்ளைக்காரன் சட்டமே போடவில்லை என்று சொல்ல முடியாது. போட்டான். எதற்குப் போட்டான் என்று பார்க்க வேண்டும்.

1865இன் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போவதும் வேலை செய்ய மறுப்பதும் குற்றம். சிறைக்கு அனுப்பலாம். 1872இல் கோப்பி மாவட்டங்களின் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வதற்கான சட்டம் வந்தது. வழியிலும் தோட்டத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இந்தியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேள்வி வந்தது, தோட்டங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. 1912இல் அது விரிவான சட்டமானது. லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாள் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் துரைமார்மீது கடமை விதித்தது. 1939இல் பிரசவ நன்மைச் சட்டம் வந்தது.

இவை சின்ன விஷயங்கள் இல்லை. அந்த 30 நாள் விதி காகிதத்தில் எப்படி இருந்தாலும், லயத்துக்குள் அதற்கு வேறொரு உயிர் இருந்தது. பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். அந்த ஒரு மாதம்தான் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் முதுகை இன்னொருத்தி அவசரமில்லாமல் தொட்ட காலம். நல்லெண்ணெய் தடவி இடுப்பை நீவி, வெந்நீர் ஊற்றி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி விடுவார்கள். அம்மாயி நீவப் பழகியது முதலில் இங்கேதான். அம்மாயியின் அம்மா தோட்டத்து மருத்துவச்சிக்குக் கையாளாகப் போவாராம். இவர் சின்னப் பிள்ளையாக எண்ணெய்க் கிண்ணம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாராம்.

ஆனால் சட்டம் பார்த்தது காய்ச்சலை, பேதியை, பிரசவத்தை. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் வந்து கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தது. 1934இல் வேலைத்தலத்தில் விபத்துக்கு நட்டஈடு தருகிற சட்டம் வந்தது. விபத்து என்றால் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம் இருக்கும். இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த முதுகுக்கு எந்தத் தேதியைச் சொல்வது? டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு வலி மாத்திரை கிடைக்கும், கொஞ்சம் தேய்க்கிற மருந்து கிடைக்கும். "வேலை செஞ்சா நோவத்தானே செய்யும்" என்ற பதிலும் கிடைக்கும். முதுகுவலி நோய்க் கணக்கில் ஏறவில்லை, அது வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்பட்டது.

சம்பளத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் வந்தது 1984இல்தான். அதுவரைக்கும் குறைந்த கூலிக்குக் கூடை சுமந்த பெண்தான், வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுத்து, சமைத்து, கடைசியில் இன்னொருவரின் முதுகையும் நீவினாள். காலையில் பெரட்டுக்கு ஆள் வந்து நின்றதற்கு அந்த அரைமணி நேரமும் ஒரு காரணம். தோட்டம் அந்த அரைமணிக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

தொடுகிற கை யாருடையது

'மசாஜ்' என்றால் நமக்கு ஹோட்டலும் ஸ்பாவும் ஞாபகத்துக்கு வருகிறது, கூடவே ஒரு கூச்சமும் வருகிறது. இந்தக் கூச்சத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் உடம்புக்கு வெளியே செய்கிற மருத்துவம் 32 வகை. அதில் ஒன்று தொக்கணம். தொக்கணத்திலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். அம்மாயிக்குத் தொக்கணம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அந்த ஒன்பதில் நாலைந்தாவது அவருடைய கையில் இருந்தது.

கலை பெரியது, அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்த இடம் சிறியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடிவெட்டியவர்களும் புண்ணுக்கு மருந்து போட்டவர்களும் ஒரே சமூகத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். 'மருத்துவர்' என்றே அந்தச் சமூகத்துக்குப் பெயர். உயிரைக் காப்பாற்றிய கையைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது சாதி. அந்த ஒழுங்கின் ஒரு துண்டு கப்பலேறி இங்கேயும் வந்தது. தோட்டத்தில் சலவைத் தொழிலாளிக்கும் முடிவெட்டுபவருக்கும் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. மற்றவர் உடம்பைத் தொடுவது சிலருடைய தொழில், மற்றவர்களுக்கு அது கேவலம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

லயம் இந்த ஒழுங்கை முழுதாக உடைக்கவில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம் முனகுவது இந்தப் பக்கம் கேட்கும்போது, சாதி பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டம். "கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேச மாட்டாங்க. இடுப்பு புடிச்சா மட்டும் நடுராவுல வந்து கதவத் தட்டுவாங்க," என்று அம்மாயி ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. தலைக்குப் போடுகிற ஷாம்பூ என்ற சொல்லுக்கு மூலம், அமுக்கு, பிசை என்று பொருள்படும் இந்தி வினைச்சொல். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வேலையாட்களைக் கொண்டு கைகால் அமுக்கிச் சுகம் கண்டார்கள், சொல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் மஹமத் 1810களில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் 'ஷாம்பூ'வும் செய்கிற நிலையம் திறந்தார். அரசர் நாலாம் ஜோர்ஜுக்கே அவர்தான் உடம்பு பிடித்துவிட்டார்.

இன்னொன்று 1894இல் லண்டனில் நடந்தது. மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்று மருத்துவச் சஞ்சிகை ஒன்று கிளப்பிவிட, ஒழுங்காகப் படித்து அந்த வேலையைச் செய்த பெண்களின் பெயரும் சேர்ந்து கெட்டது. நான்கு பெண்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். பரீட்சை வைத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் யாரையும் தொடுவதில்லை, ஆண்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை என்றெல்லாம் விதி எழுதினார்கள். அந்தச் சங்கம்தான் பின்னால் பிரித்தானியாவின் பிசியோதெரபிச் சங்கமாக வளர்ந்தது. அவர்களுடைய கைவேலை தொழிலானது. சான்றிதழ் வந்தது, சம்பளம் வந்தது.

அதே காலத்தில் கேகாலை மலைகளில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த நம் பாட்டிகளுக்கும் கை இருந்தது, அறிவும் இருந்தது. அவர்களுக்குச் சங்கம் இல்லை, எழுத்து இல்லை. அதனால் அது 'பாட்டி வைத்தியம்' என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

வெதமாத்தயாவின் எண்ணெய்

சப்ரகமுவ தோட்டங்களின் ஒரு விசேஷம், சிங்களக் கிராமம் கூப்பிடு தூரத்தில் இருப்பது. நுவரெலியா பக்கம் மாதிரி மலைக்கு மேல் மலையாக நம் ஆட்களே இருக்கும் இடம் இல்லை இது. றப்பர் மலையில் கிராமத்துச் சிங்களவர்களும் பால் வெட்டுவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்கள மொழியில்தான் படிக்கிறார்கள். முதுகுவலியும் இரண்டு மொழியிலும் உண்டு.

சிங்கள வைத்தியத்தில் எலும்பு முறிவுக்கும் பிசகலுக்கும் பார்ப்பதைக் 'கெடும் பிந்தும்' என்பார்கள். பரம்பரை பரம்பரையாக வரும் வித்தை. அம்மாயி இளவயதில் மழையில் மலையிறங்கும்போது வழுக்கி விழுந்து தோள் இறங்கிவிட்டது. தாத்தா தூக்கிக்கொண்டு போனது கிராமத்து வெதமாத்தயாவிடம். அவர் தோளை ஏற்றி, இலை வைத்துக் கட்டி, மூன்று வாரம் வரச் சொன்னார். காசுக்குப் பதிலாகத் தாத்தா அவருக்கு விறகு வெட்டிக் கொடுத்தார்.

"அவருதான் எனக்கு எங்க கைய வைக்கக் கூடாதுனு சொல்லிக் குடுத்தது," என்றார் அம்மாயி. "எங்கம்மா எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டும் சேந்ததுதான் வைத்தியம்."

பிறகு 1977 வந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 வந்தது. சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து வன்னிக்கும் இந்தியாவுக்கும் ஓடிய குடும்பங்கள் நிறைய. 83இல் எங்கள் ஆட்கள் மூன்று இரவுகள் றப்பர் காட்டுக்குள் படுத்திருந்தார்கள். ஈர மண், அட்டைக்கடி. அந்த இரவுகளில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்ததில் தன் இடுப்பு போனது போனதுதான் என்பார் அம்மாயி. வெதமாத்தயா வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் செய்யல. எங்கள அடிக்கவும் வரல, காப்பாத்தவும் வரல. மூணு மாசம் கழிச்சி எண்ணெய் குடுத்து அனுப்பினாரு." அந்த எண்ணெயை வாங்கினீர்களா என்றதற்கு, "வாங்கினேன். இடுப்பு வலிச்சிச்சே," என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிரிவு இன்னொரு வழியிலும் வந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அம்மாயியின் அக்கா குடும்பம் நீலகிரிக்குப் போனது. திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியிருந்தது. இங்கே கொழுந்து பறித்தவர் அங்கேயும் போய்க் கொழுந்துதான் பறித்தார். ஒரே தாயிடம் பழகிய இரண்டு கைகள், கடலுக்கு இரண்டு பக்கமும்.

நான் பழகிய பாடம்

அம்மாவின் முதுகில் நான் பழகியதை எழுதி வைக்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. புதிதாகப் பழகுகிற யாரும் செய்யலாம்.

முதலில் கேட்க வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, விழுந்தீர்களா, கால் மரத்துப் போகிறதா என்று. விழுந்து வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் விறைப்பது, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லாதது, ராத்திரி தூங்கவே விடாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது: இவற்றில் எது இருந்தாலும் கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீக்கம், புண் இருக்கிற இடத்தில் தேய்க்கக் கூடாது. கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றிலும் இடுப்பிலும் பழகாத கை வேண்டாம். வயதானவர்களின் எலும்பு சோளத்தட்டை மாதிரி, தடவலாம், அமுக்கக் கூடாது.

படுக்க வைக்கும்போது குப்புற, நெஞ்சுக்குக் கீழே மடித்த சேலை ஒன்று. படுக்க முடியாதவரை முக்காலியில் உட்கார வைத்து, முன்னால் தலையணையில் சாய்ந்துகொள்ளச் சொல்லலாம். எண்ணெயை முதலில் நம் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்க்க வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, உள்ளங்கை முழுதும் படும்படி இடுப்பிலிருந்து தோள்வரை, எலும்புக்கு இரண்டு பக்கத்திலும் நீளமாக, மெதுவாக நீவ வேண்டும். ஐந்து நிமிஷம் இது மட்டும். அவசரம்தான் புதியவர்களின் முதல் பிழை. சதை இளகாமல் அமுக்கினால் அது இன்னும் இறுகும்.

இளகிய பிறகு, இறுகிய இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றலாம். தோளை ரொட்டி மாவு பிசைவது போல் பிடித்து விடலாம். பலத்தைக் கைவிரலில் இருந்து எடுத்தால் பத்து நிமிஷத்தில் நமக்குக் கை போய்விடும். முழங்கையை நேராக வைத்து, உடம்பின் பாரத்தைச் சாய்க்க வேண்டும். "போதுமா, இன்னும் வேணுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் மூச்சைப் பிடித்தால் நாம் அழுத்தியது கூடிவிட்டது என்று அர்த்தம். போதும் என்றால் போதும். கடைசியில் திரும்ப மெதுவாக நீவி, துணியால் துடைத்து, கொஞ்சம் படுக்க விட வேண்டும். இருபது நிமிஷம் தாராளம்.

எனக்கு இதில் கஷ்டமாக இருந்தது கை இல்லை, வெட்கம். ஆம்பிளைப் பிள்ளை அம்மாவின் முதுகைத் தொட்டு நீவுவதா என்று பக்கத்துக் காம்பராவில் சிரித்தார்கள். அம்மாயி விடவில்லை. "கூடைய முதுகுல ஏத்தி விடுறப்ப ஆம்பள பொம்பள பாத்தா ஏத்தி விடுறானுங்க? அந்த முதுகு சம்பாதிச்சுத்தாண்டா நீ படிச்ச." அதற்குப் பிறகு பேச்சு எழவில்லை. எங்கள் லயத்தில் நீவத் தெரிந்த ஆம்பிளை இப்போது நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கணக்கில் எழுத வேண்டியது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகத்தில் இடுப்புவலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர். அந்த நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்புவலிக்கு உதவக்கூடியவற்றில் உடற்பயிற்சியோடு மசாஜையும் சேர்த்திருக்கிறது. அதேநேரம் ஆய்வுகள் காட்டுவது, மசாஜ் தருவது கொஞ்ச நாள் நிவாரணம் மட்டுமே என்று. அம்மாயிக்கும் அது தெரியும். "நான் நீவுறது நாளைக்கு வேலைக்குப் போறதுக்குத்தான். வலி போகணும்னா வேலை மாறணும்," என்பார்.

அதனால் நீவிவிடப் பழகுங்கள் என்பதோடு இதை முடிக்க முடியாது. நன்றாக நீவத் தெரிந்த மகன் வீட்டில் இருப்பதால் தோட்டத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் கத்தித்தான் 2021இல் அது கிடைத்தது. அந்தக் கோஷங்களில் கிலோ இருந்தது, ரூபாய் இருந்தது. இனி முதுகும் இருக்க வேண்டும். அடிப்பட்டை வெட்டும் மலைக்கு மரக்கணக்கைக் குறைப்பது, பாரத்துக்கு ஒரு எல்லை வைப்பது, நாட்பட்ட முதுகுவலியைத் தொழில்நோயாக ஏற்பது, தோட்டத்துப் பிள்ளைகள் பிசியோதெரபி படித்துத் தங்கள் ஊருக்கே வேலைக்கு வருவது என்று கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

2023இல் மலையகம் 200 என்று நாடெல்லாம் நிகழ்வுகள் நடந்தன. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையில் எத்தனை பேருக்குக் கால் வீங்கியிருக்கும், இரவில் யார் எண்ணெய் தேய்த்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்பு நடந்தவர்களுக்கும் அப்படி யாரோ தேய்த்துத்தான் இருப்பார்கள். உங்கள் வீட்டில் நீவத் தெரிந்த அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், யாரிடம் பழகினார்கள் என்று கேளுங்கள். அதை எழுதி வையுங்கள். பிறகு எண்ணெயைச் சூடு காட்டி, அவர்களைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்.

பெறுபேறு வந்த அன்று இரவும் அம்மாவுக்கு நீவிக்கொண்டிருந்தேன். வெளியே தகரத்தில் மழை கொட்டியது. மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, பேர் விழாது. வழக்கமாக மழைச் சத்தம் கேட்டால் அம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"நாளைக்கு வெட்டு இல்ல. மெதுவாவே நீவு."